தாயகத்துக் குடும்பங்களுக்கு உதவும் எங்கள் பெண்கள் அறக்கட்டளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் வீதியிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் தொலைபேசியிலும் ஒரே வகையான ஐயங்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அவற்றுக்கான விடைகளை ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நாங்கள் பிரித்தானியாவில் வாழும் ஈழத்தமிழ்ப் பெண்கள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆதரவற்ற நிலையில் உள்ள குடும்பங்களுக்கு உதவும் சிறிய அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தந்திருக்கிறோம். சில கேள்விகள் எங்கள் மனத்தை நோகச் செய்தவை. ஆனாலும் அவற்றின் சொற்களை மாற்றவில்லை.

நீங்கள் ஆருக்கு உதவி செய்யிறீங்கள்? கஷ்டப்பட்ட எல்லாருக்குமோ?

எல்லோருக்கும் உதவும் வலு எங்களிடம் இல்லை. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் என்று இலங்கையில் அழைக்கப்படும் குடும்பங்களையே முதலில் கவனிக்கிறோம். கணவர் போரில் இறந்த குடும்பங்கள், கணவர் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்கள், கணவர் கைவிட்டுப் போன குடும்பங்கள், கணவர் வீட்டில் இருந்தும் காயத்தாலோ நோயாலோ உழைக்க முடியாத குடும்பங்கள் ஆகிய எல்லாமே இதில் அடங்கும். பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாக்களும் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்! இன்னும் என்ன உதவி வேணும்?

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. வடக்கின் வன்னிப் பகுதியில் எஞ்சிய மக்கள் வவுனியாவை அடுத்த மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்களுக்கு வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, மாடுகள் இல்லை, காதிலும் கழுத்திலும் கிடந்த நகைகள் போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்கால்வரை போகும் வழியிலேயே அரிசிக்கும் மாவுக்கும் விற்கப்பட்டிருந்தன. வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 89,000 கைம்பெண்கள் இருப்பதாக 2010இல் அரசாங்கத் தரப்பே தெரிவித்தது. அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று இளைஞர்கள் என்பது உண்மைதான். ஆனால் சேமிப்பும் நகையும் கால்நடையும் இல்லாமல் ஒரு குடும்பம் மறுபடி தொடங்கும்போது, முதலில் வரும் வறட்சியோ வெள்ளமோ நோயோ அதைத் திரும்பவும் கீழே தள்ளிவிடுகிறது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அப்படிப்பட்ட ஒரு தள்ளல்தான். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. பால்மா, மண்ணெண்ணெய், உரம், கோழித்தீவனம் என ஒவ்வொன்றின் விலையும் எகிறியபோது, கோழி வளர்த்துத் தலைநிமிர்ந்திருந்த பெண்கள் சிலர் தீவனம் வாங்க வழியின்றிக் கோழிகளை விற்றுவிட்டுக் கூலி வேலைக்குத் திரும்பினார்கள்.

ஏன் பொறுப்பில எல்லாரும் பொம்பிளையள்? ஆம்பிளையளைச் சேர்க்க மாட்டீங்களோ?

கணக்குப் பார்ப்பவர்களிலும் நிதி திரட்டுபவர்களிலும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்புக்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஆயினும் வீடு தேடிப் போய்ப் பேசுவது, எந்தக் குடும்பத்துக்கு என்ன தேவை என்று தீர்மானிப்பது ஆகிய இரண்டையும் பெண்களே செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். ஆண் துணையில்லாத வீட்டுக்கு ஓர் ஆண் அடிக்கடி வந்துபோனால் அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் கதைக்கும். அதைவிடக் கொடியது, உதவி பெறுவதற்கும் ஒரு கையொப்பம் வாங்குவதற்கும் பெண்ணின் உடலை விலையாகக் கேட்கும் வழக்கம். போருக்குப் பின்னர் பெண்கள் அமைப்புகள் இதைப் பாலியல் இலஞ்சம் என்று பெயரிட்டுத் தொடர்ந்து பேசி வந்தன. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதைத் தெளிவாகவே குற்றமாக்கியது. சட்டம் வந்ததால் மட்டும் அச்சம் போய்விடாது. உதவியோடு வருபவர் பெண்ணாக இருந்தால், அந்த வாசலில் ஓர் அச்சமாவது குறைகிறது.

இது வெளிநாட்டுக்குப் போய்ப் பழகின பெண்ணுரிமைக் கதைதானே? எங்கட ஊரில இப்பிடி முந்தி இருந்ததோ?

எங்கள் ஊரில்தான் இது இருந்தது. நாங்கள் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டோம். தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலை நிர்வகித்து, அதன் நிழலில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்திய சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டியை யாழ்ப்பாணத்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1925இல் பிறந்து 2008இல் மறைந்த அவர், கோயில் வருமானம் பசித்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். சைவச் சூழலில் ஒரு பெண் கோயில் நிர்வாகத்தின் தலைமையில் அமர்ந்து கணக்கையும் கட்டடத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை என்றே எண்ணுகிறோம்.

வேறு வழியில் வந்தவர்களும் உண்டு. 1984இல் கைதான பிள்ளைகளை விடுவிக்கக் கோரி யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு வீதிக்கு வந்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் போரால் நொந்த பெண்களுக்காக யாழ்ப்பாணத்தில் பூரணி இல்லம் இயங்கியது. 1989 செப்டெம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகமவும் அதில் பங்கெடுத்திருந்தார். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போர் நடந்த காலத்திலேயே வேலை செய்தது. இவர்களில் எவரும் புலம்பெயர் நாட்டிலிருந்து அனுமதி பெற்றுத் தொடங்கியவர்கள் அல்லர்.

நான் தாற காசு முழுக்கப் போய்ச் சேருமோ?

வங்கிக் கட்டணம், பதிவு, ஆண்டுக் கணக்குப் பரிசோதனை, களத்தில் வேலை செய்யும் பெண்களின் போக்குவரத்து ஆகியவற்றுக்குச் செலவு இருக்கிறது. ஒரு சதம்கூடச் செலவில்லாமல் உதவி போய்ச் சேரும் என்று யாராவது உறுதி கூறினால், அந்தச் செலவை எவர் சுமக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பொறுப்பாளர்கள் சம்பளம் பெறுவதில்லை. தாயகத்துக்குப் போகும் விமானச் சீட்டையும் தங்கள் பணத்திலேயே வாங்குகிறார்கள். ஆனால் முல்லைத்தீவில் நாள்முழுவதும் வெயிலில் வீடு வீடாகச் செல்லும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறோம்; அவரும் பிள்ளைகளை வளர்ப்பவர்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பாளர்களின் பெயர்களையும் வரவு செலவு விவரத்தையும், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அமைப்பான சரிட்டி கொமிஷனின் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். எங்களை மட்டுமன்றி, உங்களிடம் பணம் கேட்கும் எவரையும் அங்கே தேடிப் பாருங்கள். நிதியாண்டு முடிந்து 10 மாதங்களுக்குள் அனுப்பவேண்டிய விவரங்களை ஓர் அமைப்பு ஆண்டுதோறும் தாமதப்படுத்துகிறது என்றால் ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவராக இருந்தால் கிஃப்ட் எய்ட் படிவத்தையும் நிரப்புங்கள். ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாக வரும்.

உண்டியலில அனுப்பினா கூடக் கிடைக்குமே, ஏன் பாங்கில அனுப்பி நட்டப்படுறீங்கள்?

உறவினருக்குக் காசு அனுப்பும்போது பலர் உண்டியலை, அதாவது வங்கிக்கு வெளியே தனியார் வழியாகப் பணம் அனுப்பும் முறையை, நாடுவதும், 2022இன் தொடக்கத்தில் டொலரின் வங்கி விலைக்கும் வெளிவிலைக்கும் இடைவெளி பெருகியபோது அது இன்னும் கூடியதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் உண்டியலில் போகும் பணத்துக்கு எந்தப் பதிவும் இருக்காது. பதிவில்லாத பணத்துக்கு நாங்கள் முந்தைய விடையில் சொன்ன கணக்கைக் காட்ட இயலாது. மேலும், வடக்கிலும் கிழக்கிலும் வெளிநாட்டுப் பணம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணை எப்போதும் வரக்கூடியது. அந்த விசாரணைக்கு முகம் கொடுக்கப்போவது நாங்கள் அல்லர், அங்குள்ள பெண்தான். அவருடைய கையில் வங்கிச் சீட்டு இருக்க வேண்டும்.

குடும்பங்களை ஆர் தெரிவு செய்யிறது? கிராம சேவகர் தாற லிஸ்டோ?

கிராம அலுவலரின் பட்டியலைப் பெறுகிறோம். பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்கிறோம். அதோடு நிற்பதில்லை. காணி அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள், திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள், வேறு ஊரிலிருந்து வந்து உறவினர் வளவில் கொட்டில் போட்டிருப்பவர்கள் ஆகியோர் பட்டியலில் விடுபட்டுப் போவதுண்டு. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிவைக்கப்பட்ட இளம் பெண்கள் பலரிடம் திருமணப் பதிவே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துடன் அமர்ந்து இரண்டாவது பட்டியல் ஒன்றை எழுதுகிறோம். பின்னர் எங்கள் களப்பணியாளர் வீட்டுக்குப் போகிறார். எங்கள் அறக்கட்டளையின் உதவியை முன்பு பெற்று, இப்போது தேவையில்லை என்று விலகிய பெண்களும் தெரிவுக் குழுவில் இருக்கிறார்கள். எவர் வீட்டில் உண்மையிலேயே உலை வைக்கவில்லை என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

ஆடு, கோழி, தையல் மெசின் குடுக்கிற எல்லாரும் குடுக்கினம். அதால ஆரும் முன்னேறினதோ?

முன்னேறியவர்களும் உண்டு, ஏமாந்தவர்களும் உண்டு. ஏமாந்ததில் பெரும்பங்கு உதவி கொடுத்தவர்களின் தவறு. எங்கள் தொடக்க காலத்தில் ஒரே ஊரில் பல வீடுகளுக்கு ஒரே கிழமையில் கோழிகளைக் கொடுத்தோம். எல்லோரும் ஒரே சந்தையில் முட்டை விற்கப் போனபோது விலை விழுந்தது. கோழிகளுக்கு நோய் வந்தபோது அது வேலி தாண்டி எல்லா வளவுக்கும் பரவியது. தையல் இயந்திரம் கொடுத்த வீடுகளில் அதை மூடிய துணியின்மேல் தூசி படிந்திருந்ததையும் பார்த்தோம், ஏனெனில் ஆயத்த ஆடை மலிவாக விற்கும் இடத்தில் சட்டை தைக்கக் கொடுப்பவர் குறைவு.

இப்போது பெண்ணிடம் முதலில் கேட்கிறோம். அவருக்கு என்ன வேலை தெரியும், வளவில் ஆடி, ஆவணியிலும் தண்ணீர் நிற்குமா, ஆட்டைக் கட்டி மேய்க்க ஆள் இருக்கிறதா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எவர் உண்டு என்ற விவரங்களை வைத்து அவரே திட்டத்தைச் சொல்கிறார். விசுவமடுப் பக்கத்தில் ஒருவர் கச்சான் வறுத்து விற்க ஒரு பெரிய தாச்சியும் சைக்கிளும் கேட்டார். இன்னொருவர் எதையும் கேட்காமல், கிணற்றை இறைத்துத் தூரெடுத்துத் தந்தால் போதும், மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்னபடியே இன்று மிளகாயும் கத்தரியும் விற்கிறார். இப்படிப்பட்ட உதவிகளைப் படம் எடுத்துக் காட்டுவது கடினம். ஆனால் நிலைப்பவை இவைதாம்.

கடன்காரர் வீட்டு வாசலில நிக்கினம் எண்டு அழுறினம். அந்தக் கடனை அடைச்சுக் குடுப்பீங்களோ?

இதுவே எங்களை அதிகம் வாட்டும் கேள்வி. போருக்குப் பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் வன்னிக்குள் நுழைந்து, பெண்களைக் குழுக்களாக்கி, ஒருவருக்கு ஒருவரைப் பிணை நிறுத்திக் கடன் கொடுத்தன. கிழமைதோறும் கட்ட வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், பக்கத்து வீட்டுப் பெண்ணே கடன் கேட்டு வாசலில் நிற்கும் நிலைமை உருவானது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனெடுத்து, மூன்று நான்கு இடங்களில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, 100,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்ததே நிலைமையின் கடுமைக்குச் சான்று.

நாங்கள் கடனை நேரடியாக அடைப்பதில்லை. அடைத்தால் அந்த வீடு மறுபடி கடன் கொடுக்கத்தக்க வீடாகிவிடுகிறது; அடுத்த கிழமையே வேறொருவர் படிவத்தோடு வருகிறார். முதலில் கடன் தாள்களை எடுத்து வைத்து, கட்டியது எவ்வளவு, உண்மையில் மீதி எவ்வளவு என்று பெண்ணுக்கு விளங்க வைக்கிறோம். தேவைப்பட்டால் சட்ட உதவி பெற வழி செய்கிறோம். உணவுக்கும் பாடசாலைச் செலவுக்கும் சில மாதங்கள் கைகொடுக்கிறோம், அப்போதுதான் புதுக்கடன் எடுக்காமல் பழைய கடனை முடிக்க இயலும். வட்டியில்லாமல் பெண்கள் தமக்குள் சேமித்துச் சுழற்றும் சிறு சங்கங்களுக்கு முதலும் கொடுக்கிறோம்.

அரசாங்கம் அஸ்வெசும குடுக்குதுதானே?

சமுர்த்தி என்ற பழைய உதவித் திட்டத்தின் இடத்துக்கு 2023இல் வந்த அரசின் பணக் கொடுப்பனவான அஸ்வெசும, தொடங்கியபோது குடும்பத்தின் தரத்தைப் பொறுத்து மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை கொடுத்தது. அது தேவையான உதவி. விண்ணப்பத்தில் ஒரு பிழையால் விடுபட்ட பெண்களுக்கு மேன்முறையீடு எழுதிக்கொடுப்பதும் எங்கள் வேலைகளில் ஒன்று. அரசு தரவேண்டியதை அரசிடமே பெற்றுக்கொடுப்பது, எங்கள் பணத்தைக் கொடுப்பதைவிட நீண்டகாலப் பயன் தருவது.

மனிசன் காணாமப் போய் இவ்வளவு காலம். மரணச் சான்றிதழை எடுத்திட்டு அலுவலைப் பாக்கலாமே?

தயவுசெய்து இந்தக் கேள்வியை அந்தப் பெண்களிடம் கேட்காதீர்கள். தன் கணவரை, தன் பிள்ளையைப் படையினரிடம் கையால் ஒப்படைத்துவிட்டு வந்தவருக்கு, மரணச் சான்றிதழ் என்பது தானே அவரை இறந்தவராக எழுதிக் கையொப்பமிடுவதாகும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. விடை காணாமலேயே இறந்துபோன தாய்மாரும் பலர்.

அலுவல்கள் நிற்பது உண்மைதான். வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தும் தேசவழமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. கணவர் எங்கே என்று நாட்டுக்கே தெரியாதபோது, சீதனமாகத் தன் தாய் தந்த காணிக்காக அந்தப் பெண் நீதிமன்றத்தின் அனுமதியைத் தேடி நிற்க வேண்டியிருக்கிறது. 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். அது இறப்பை ஒப்புக்கொள்ளாமலே சில அலுவல்களை நடத்த உதவுகிறது. அதை எடுப்பதா வேண்டாமா என்பதில் நாங்கள் எந்தப் பெண்ணையும் வற்புறுத்துவதில்லை. எடுக்காதவருக்கு உதவி குறைவதும் இல்லை.

ஒரு படமும் போடுறேல்லை, வீடியோவும் இல்லை. பிறகு எப்பிடி நம்புறது?

கணக்கை நம்புங்கள், அதைப் பார்க்கும் வழியை மேலே சொல்லியிருக்கிறோம். ஐந்து கிலோ அரிசியை நீட்டி, வாங்கும் பெண்ணைக் கமெராவைப் பார்க்கச் சொல்லும் காட்சிகளை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் காட்சியை அவருடைய மகளின் வகுப்புப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பிள்ளை வளர்ந்து திருமணப் பேச்சு வரும்போதும் அந்தக் காணொளி தேடினால் கிடைக்கும். விற்பனைக்கு வைத்த மிளகாய்த்தூளின் படத்தை, அவர் விரும்பினால், வெளியிடுவோம். அவருடைய கண்ணீரை வெளியிட மாட்டோம்.

நான் போனபோது பாத்தனான், பொட்டு வைச்சு நல்ல சாறி கட்டி இருந்தா. அவவுக்கு ஏன் உதவி?

ஒரு நல்ல சேலையைக் கொண்டு வறுமையை அளக்க இயலாது. வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்று அறிந்து, இருப்பதில் நல்லதை உடுத்தி உங்களை மரியாதையோடு வரவேற்றிருக்கிறார். பொட்டைப் பற்றி நாங்கள் சொல்வது ஒன்றே: கணவர் காணாமல் ஆக்கப்பட்டவருக்குப் பொட்டு என்பது காத்திருப்பு, கணவரை இழந்தவருக்கு அது அவருடைய விருப்பம். மறுமணம் செய்தவர்களைப் பற்றியும் இதே குரலில் கேட்கிறார்கள். மறுமணத்தால் முதல் கணவரின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவி நிற்பதில்லை.

தமிழருக்கு மட்டுமோ?

இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பின்னர் திரும்பிவந்த முஸ்லிம் குடும்பங்களும், வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்களும் எங்கள் பட்டியலில் உள்ளன. தெரிவு செய்யும் முறை எல்லோருக்கும் ஒன்றே.

காசு தர எனக்கு வசதியில்லை. வேற ஏதும் செய்யலாமோ?

செய்யலாம், அது எங்களுக்கு மிகவும் தேவையும்கூட. கணக்கியல் படித்தவர்கள் எங்கள் ஏடுகளைப் பார்க்கலாம். தாதியர் மாதத்தில் ஒரு மணி நேரம் களப்பணியாளரின் தொலைபேசி அழைப்புக்கு ஒதுக்கலாம். எல்லாவற்றிலும் மேலாக, சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடுகிறோம். 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின்னர் தமிழும் அரசகரும மொழிதான். ஆயினும் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட கடிதங்களும் பொலிஸ் முறைப்பாடுகளும் இன்றும் எங்கள் குடும்பங்களின் கைக்கு வருகின்றன. அவற்றைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பினால், அன்றைக்கே தொலைபேசியில் வாசித்துச் சொல்ல ஒருவர் போதும். தான் கையொப்பமிடப்போகும் தாளில் என்ன இருக்கிறது என்று அறிந்த பின்னரே அந்தப் பெண் பேனாவை எடுப்பார்.